"குழந்தையின் முழுமை வளர்ச்சி": கற்பித்தல் தத்துவக் கட்டுரையில் உருப்படியாக என்ன எழுதுவது?

இரண்டாமாண்டு_பயிற்சி

வணக்கம். தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி இரண்டாம் ஆண்டு. "எனது கற்பித்தல் தத்துவம்: குழந்தையின் முழுமை வளர்ச்சிக்கு வகுப்பறையில் துணை நிற்பது எப்படி" என்று 1,500 சொல்லில் கட்டுரை, அதன் மேல் வாய்மொழித் தேர்வும் உண்டு. கற்பித்தல் பயிற்சிக்குப் போகவிருப்பது ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3ஆம் வகுப்புகள் ஒரே அறையில் இருக்கும். 9 + 11 + 8, மொத்தம் 28 பேர்.

உடல், அறிவு, மனவெழுச்சி, சமூகம், மொழி, ஒழுக்கம் என்று ஆறு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதினேன். ரூசோ, புரோபெல், டூயி, மாண்டிசோரி, தாகூர், காந்தி என்று கல்விச் சிந்தனையாளர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன். படித்துப் பார்த்தால் கைடு புத்தகம் மாதிரி இருக்கிறது. என் கேள்விகள்:

கோட்பாடு எவ்வளவு வேண்டும்? மனவெழுச்சி, சமூக வளர்ச்சி என்பதை "அன்பாக நடத்துவேன்" என்பதைத் தாண்டி எப்படி எழுதுவது? பிள்ளைகளின் உடல்நலம் பற்றி ஆசிரியர் எதுவரை பேசலாம்?

---

சாக்பீஸ்துகள்

முதலில் அந்த ஆறு தலைப்பையும் எடுத்துவிடுங்கள். தேர்வுக்குப் படிக்க அவை வசதி. ஆனால் 10 மணிக்கு அறிவு வளர்ச்சி, 11 மணிக்குச் சமூக வளர்ச்சி என்று எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. ஒரே ஒரு செயல்பாட்டை எடுத்துக்கொண்டு, அதில் எல்லாம் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று காட்டுங்கள். கட்டுரையின் பாதி அதிலேயே நிறைந்துவிடும்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பலகை வாங்க வேண்டியதில்லை. தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை வட்டம், ஆக 14. வட்டத்துக்கு 5 புளியங்கொட்டை வீதம் ஒரு ஆட்டத்துக்கு 70. உங்கள் 2, 3ஆம் வகுப்பில் 19 பேர். எட்டு ஜோடியும் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவும் என்றால் 9 ஆட்டம், 630 கொட்டை. 40 நிமிடப் பாடவேளையில் வட்டம் போட 5, ஆட 20, பேசி எழுத 10, பொறுக்கி எண்ணி வைக்க 5.

இப்போது ஒரு பிள்ளையின் கையைக் கவனியுங்கள். குழியிலிருந்து எடுத்த ஐந்தையும் குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும். ஒரு குழியில் இரண்டு விழுகிறது. ஏன்? இரண்டு காரணம் இருக்கலாம்: ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணல் இன்னும் உறைக்கவில்லை, அல்லது உள்ளங்கையில் ஐந்தை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விரல் நுனிக்குத் தள்ள விரலுக்குப் பலம் போதவில்லை. பிரித்தறிவது சுலபம். புளியங்கொட்டைக்குப் பதிலாகப் பெரிய கூழாங்கல் கொடுத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே போடச் சொல்லுங்கள். சரியாகப் போட்டால் சிக்கல் விரலில். அந்தப் பிள்ளைக்குக் களிமண் உருட்டுதல், காகிதம் கிழித்து ஒட்டுதல், மணி கோத்தல்தான் வேண்டும். கூடுதல் கணக்கு வேண்டாம். கூழாங்கல்லிலும் தவறினால் எண்ணலுக்கே திரும்ப வேண்டும். இதைப் பிரிக்காமல் "கணக்கில் பின்தங்கியவன்" என்று பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அந்த வருடம் முழுக்கத் தப்பான மருந்து.

அதே ஆட்டத்தில் இன்னொரு பிள்ளை எடுப்பதற்கு முன்பே கண்ணால் எண்ணி, கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் கையை வைக்கும். முன்கூட்டித் திட்டமிடுகிற புத்தி அது, எழுத்துத் தேர்வில் சிக்காது. மூன்றாவது பிள்ளை எதிராளிக்குப் பசு (நாலு சேர்ந்த குழி) கிடைத்ததும் வட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போகும். அந்த நேரத்தில் "விட்டுக்கொடுத்து விளையாடணும்" என்று உபதேசம் வேண்டாம், எடுபடாது. முதல் இரண்டு வாரம் எல்லா ஆட்டத்தையும் இரண்டு சுற்றோடு முடித்து ஜோடியை மாற்றிவிடுங்கள். தோல்வி சின்னதாக, அடிக்கடி வந்தால் தாங்கப் பழகும்.

கடைசி 5 நிமிடத்தையும் விட்டுவிடாதீர்கள். 70 கொட்டையைப் பத்துப் பத்தாக ஏழு குவியல் வைத்துத் திருப்பித் தர வேண்டும். ஒரு குவியலில் ஒன்பதுதான் இருந்தால் ஒன்று எங்கோ உருண்டிருக்கிறது; தேடு. இடமதிப்பும் பொறுப்பும் ஒரே வேலையில் முடிந்தன.

எங்கே கெட்டுப்போகும் என்பதையும் எழுதுங்கள். ஆட்டம் 30 நிமிடம் ஓடி, பேச நேரமில்லாமல் மணி அடித்துவிடும். அப்படி ஆனால் அது விளையாட்டு வேளை, பாடம் இல்லை. இன்னொன்று: 1ஆம் வகுப்புப் பிள்ளைகள் கையில் புளியங்கொட்டை வேண்டாம், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குப் பாட்டில் மூடி. மீறி மாட்டிக்கொண்டால் நீங்கள் குச்சி விட்டுக் குடையக் கூடாது, நேரே ஆரம்ப சுகாதார நிலையம்.

கோட்பாட்டுக்கு ஒருவரை மட்டும் வையுங்கள். காந்தி என்றால் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைவேலை எதற்கு என்பதை மூன்று வரியில் சொல்லி, மேலே சொன்ன விரல் சிக்கலோடு கட்டுங்கள். மாண்டிசோரி என்றால் 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார் என்ற தகவல் மட்டும் போதாது. பொருள் கைக்கு அளவாக இருக்க வேண்டும், தவறைப் பிள்ளையே பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாரே, அது வேண்டும். ஒன்பது இருக்கும் குவியல் அதைத்தானே செய்கிறது?

சட்டத்திலிருந்தும் ஒரு வரி தேவை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29(2). முழுமை வளர்ச்சி, செயல்பாடு வழிக் கற்றல், கூடுமானவரை தாய்மொழி, பயமும் பதற்றமும் இல்லாமல் கருத்தைச் சொல்ல உதவுவது எல்லாம் அங்கே இருக்கிறது. உங்கள் தத்துவம் தனி ஆசை இல்லை, சட்டம் கேட்பதும் அதுதான் என்று அந்த ஒரு வரி நிறுவிவிடும்.

கடைசியாகக் குறிப்பேடு. 100 பக்க நோட்டில் பிள்ளைக்கு மூன்று பக்கம் என்றால் 28 பேருக்கு 84. நாளுக்கு நான்கு பேர் வீதம் ஏழு வேலைநாளில் ஒரு சுற்று. ஆளுக்கு இரண்டு வரி: நேரமும் பார்த்ததும் மட்டும், தீர்ப்பு கூடாது. "சோம்பல்" என்று எழுதாதீர்கள். "11.50க்குத் தலையை மேஜையில் வைத்தாள், காலை உணவு சாப்பிடவில்லை" என்று எழுதுங்கள்.

---

வட்டார_சிறப்பு

உடல்நலக் கேள்விக்கு என் பங்கு. எல்லை இதுதான்: ஆசிரியர் கவனிப்பார், பதிவார், அனுப்புவார். நோய்ப் பெயர் சொல்ல மாட்டார். கட்டுரையில் "கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிவேன்" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டுவீர்கள். கண்டறிவது உங்கள் வேலை இல்லை.

கண்: கரும்பலகையைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்ப்பது, பலகையைப் பார்க்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவது. 6 மீட்டர் தூரத்தில் "இ" அட்டை (ஆங்கில E எழுத்து பல திசையில் திரும்பி நிற்கும் அட்டை) வைத்து நீங்களே முதல்கட்டப் பரிசோதனை செய்யலாம். இங்கே மூன்று தவறு வழக்கம். ஒன்று, விரலால் கண்ணை அழுத்தி மூடுவது: இடுக்கு வழியே பார்ப்பார்கள், அழுத்திய கண் கொஞ்ச நேரம் மங்கலாகவும் தெரியும். உள்ளங்கையைக் குழித்து மூட வேண்டும். இரண்டு, மற்ற பிள்ளைகளை அதே அறையில் வரிசையில் நிறுத்துவது: பத்தாவது ஆள் வருவதற்குள் எல்லாருக்கும் விடை மனப்பாடம். வெளியே நிறுத்துங்கள். மூன்று, 5 மீட்டர் அறையில் 6 மீட்டர் அட்டையை வைத்துவிட்டு "எல்லாருக்கும் நல்ல பார்வை" என்று எழுதுவது. அறை சின்னதென்றால் வராந்தாவில் அளந்து கோடு போடுங்கள்.

காது: சீழ் வடிதல், கட்டளை சொன்னதும் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டுத் தாமதமாகத் தொடங்குதல், பெயரைச் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது. "கவனம் இல்லை" என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குக் காதுதான் பிரச்சினை. சளி பிடித்த வாரங்களில் கேட்பது குறைந்து, பிறகு சரியாவதும் உண்டு. அதனால் ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

2013இலிருந்து ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிறது. வருவது ஒரு நாள். நூறு பிள்ளைகளை வேகமாகப் பார்ப்பார்கள். உங்கள் குறிப்பேட்டிலிருந்து ஐந்தாறு பெயரை "இதைப் பார்த்தேன், இந்தத் தேதியில்" என்று தனித் தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

மாத்திரை: 5 முதல் 9 வயதுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை. அதில் 45 மி.கி. இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். மதிய உணவுக்குப் பின் மட்டும், வெறும் வயிற்றில் கூடாது. மலம் கறுப்பாகப் போகும் என்று பெற்றோருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முதல் வாரமே பயந்து நிறுத்திவிடுவார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து நிற்கும். பூச்சி மாத்திரையை (அல்பெண்டசோல் 400 மி.கி.) மென்று விழுங்க வேண்டும், அன்று காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. வராதவர்களுக்கு விடுபட்டோர் நாள் உண்டு, பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறீர்கள் என்றால்: பழுப்புப் பல் பிள்ளைகளை "பல் தேய்க்கல" என்று வகுப்பில் நிற்கவைக்காதீர்கள். அது தண்ணீரில் இருக்கும் ஃபுளூரைடு, தேய்த்தால் போகாது.

இனி எழுத்துப் பிழை. எதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று ஒரு பத்தி எழுதுங்கள். "கெ" எழுதச் சொன்னால் முதலில் க எழுதி, ஒற்றைக்கொம்பை அதன் பின்னால் போடும் பிள்ளை தப்பாக யோசிக்கவில்லை. காதில் விழும் வரிசையில் எழுதுகிறது: க் முதலில், எ பிறகு. நம் எழுத்து முறைதான் கொம்பை முன்னால் தூக்கி வைக்கிறது. "கொ"வில் இரண்டு பக்கமும் பிரித்து வைக்கிறது. கொம்பு அட்டை, எழுத்து அட்டை, கால் அட்டை என்று தனித்தனியாக வெட்டி நகர்த்த விட்டால் பழகிவிடும். ல, ள, ழ குழப்பம் வீட்டில் பேசும் உச்சரிப்பிலிருந்து வருவது. "நூற்று நான்கு" என்றதும் 1004 என்று எழுதுவதும் அந்த ரகம்தான். தொண்ணூற்று ஐந்தில் தடுமாறுவது இன்னும் நியாயம்: சொல்லுக்குள்ளேயே நூறு உட்கார்ந்திருக்கிறதே! இவை எதுவும் குறைபாடு இல்லை. மாதக்கணக்கில் தனியாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தும் ஒரே இடத்தில் நின்றால்தான் சிறப்புப் பயிற்றுநரைக் கூப்பிட வேண்டும்.

---

ஓராசிரியர்

மேலே ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்காங்க. ஆனா ஒரு நாளைக்கு நாலு பிள்ளை, ஆளுக்கு ரெண்டு வரின்னு எழுதிப் பாருங்க தங்கச்சி. எமிஸ் (பள்ளித் தகவல் இணையப் பதிவு) வருகை, மதிய உணவு எண்ணிக்கை, நலத்திட்டப் பொருள் பதிவு, வட்டாரத்துல இருந்து வர்ற வாட்ஸ்அப் செய்தி, இத்தனைக்கும் நடுவுல மூணாவது வாரம் நோட்டு அலமாரிக்குள்ள போயிடும். அல்லது சத்தம் போடுற பிள்ளையும் படிக்காத பிள்ளையும் மட்டும் அதுல இருப்பாங்க. தொந்தரவு பண்ணாம சுமாரா படிக்கிற நடு வரிசை 15 பேர் வருஷம் முழுக்கக் காணாமப் போயிடுவாங்க. நோட்டு தோக்குறது இங்கதான்.

அதனால வருகைப் பதிவேட்டு வரிசையையே பிடிச்சுக்கங்க. இன்னைக்கு 1, 2. நாளைக்கு 3, 4. யார் என்ன பண்ணாலும் வரிசை மாறக் கூடாது. 14 வேலைநாள்ல ஒரு சுற்று, ஏறக்குறைய மூணு வாரம். மெதுவா போகும், ஆனா நிக்காது.

இந்த நோட்டு இல்லாம மதிப்பீடு பொய்யாப் போகுது, அதையும் எழுதுங்க. 2012-13ல முப்பருவ முறையோட தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்துச்சு. வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே பார்க்கிறது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசித் தேர்வு) 60. அது போக வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, உடல்நலம், கலைன்னு கல்வி இணைச் செயல்பாடுகளுக்குத் தரநிலை. பருவக் கடைசி நாள்ல உட்கார்ந்து அந்தக் கட்டத்தை எல்லாம் ஏ, பி, ஏ, பின்னு நிரப்புறதுதான் பல இடத்துல நடக்குது. முழுமை வளர்ச்சின்னு காகிதத்துல இருக்கிற ஒரே இடமும் அப்படிப் போச்சு.

சமூக வளர்ச்சியை "குழு மனப்பான்மை"ன்னு எழுதாதீங்க. யார் கூட்டுறாங்க? யார் தண்ணி தூக்குறாங்க? பெரும்பாலும் பெண் பிள்ளைங்க கையிலதான் துடைப்பம். சில ஊர்ல எந்தத் தெருப் பிள்ளை எந்த வேலை செய்யுதுன்னு பார்த்தா இன்னும் கசக்கும். கழிப்பறை வேலையைப் பிள்ளைங்ககிட்ட கொடுக்கவே கூடாது. வகுப்பறை வேலைக்குச் சுழற்சிப் பட்டியல் போட்டுச் சுவத்துல ஒட்டுங்க; அதுல உங்க பேரும் ஒரு வரிசையா இருக்கணும். சாப்பாட்டுப் பந்தியும் அப்படித்தான். "இஷ்டப்பட்ட இடத்துல உக்காருங்க"ன்னு விட்டா தெருத் தெருவா உக்காருவாங்க. வாரத்துக்கு ஒரு சீட்டுக் குலுக்கல் போதும், பிரசங்கம் தேவையில்ல.

உட்கார வைக்கிறது பத்தி ஒரு சின்ன விஷயம். "ப" வடிவத்துல உக்கார வச்சா எல்லார் முகமும் தெரியும், நல்லது. ஆனா ரெண்டு பக்கவாட்டுல இருக்கிறவங்க பலகைக்குக் கழுத்தைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்தை மாத்துங்க, பலகையில எழுதிப் போடுற வேலையைக் குறைங்க.

அப்புறம் அந்தப் பழைய கொடுமை: பி.இ.டி. வேளையைக் கணக்குக்குக் கடன் வாங்குறது. உங்க பள்ளியில உடற்கல்வி ஆசிரியரே இருக்க மாட்டாங்க, அதனால கடன் கேட்கிறவரும் நீங்க, கொடுக்கிறவரும் நீங்க. விளையாட்டை நிறுத்துறதைத் தண்டனையாவும் வைக்காதீங்க. அடங்காம இருக்கிற பிள்ளைக்குத்தான் ஓடுறது ரொம்பத் தேவை. அவனை உள்ள உக்கார வச்சா அடுத்த பாடவேளையில நமக்குத்தான் கஷ்டம்.

---

இரண்டாமாண்டு_பயிற்சி

மூவருக்கும் மிக்க நன்றி. பாதிக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம்.

ஒன்று: காலையில் வட்டமாக உட்கார்ந்து "இன்று எப்படி இருக்கிறாய்" என்று கேட்பது பற்றி எழுதலாமா? ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் மோசமான விஷயத்தைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இரண்டு: எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றலைக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். முழுமை வளர்ச்சி பேசிக்கொண்டே பிள்ளைகளைத் தரம் பிரிப்பது முரண் இல்லையா?

---

ஓய்வுபெற்ற_விரிவுரையாளர்

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். 2022-23இல் 1 முதல் 3 வரை தொடங்கி, அடுத்த ஆண்டு 4, 5க்கும் போன திட்டம் அது. மூன்று வகுப்பு ஒரே அறையில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு நிலை பிரிக்காமல் வேலை நடக்காது. முரண் பிரிப்பதில் இல்லை, கூப்பிடுவதில் இருக்கிறது. "அரும்புப் பசங்க இங்க வாங்க" என்ற நொடியில் நிலை பெயராகிவிடுகிறது. வீட்டில் போய் "நான் அரும்பு" என்று சொல்லும். தமிழில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். ஆகவே பணித்தாளுக்கு நிறம் கொடுங்கள், குழுவைத் தாளின் நிறத்தால் அழையுங்கள், பாடத்துக்குப் பாடம் குழு மாறட்டும். நாளில் ஒரு வேலையாவது (கதை கேட்பது, ஓவியம், பல்லாங்குழி) நிலை கலந்த குழுவில் நடக்க வேண்டும்.

வீட்டு மொழியையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள், திருப்பூரில் இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகள் எல்லாம் தமிழ் எழுத்தில் அரும்பாகத் தெரிவார்கள். அது அறிவின் அளவு இல்லை. முதல் மாதங்களில் பதிலை வீட்டு மொழியிலோ சைகையிலோ படத்திலோ சொல்ல விடுங்கள். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் அந்தப் பிள்ளையை நாள் முழுக்க மொழிபெயர்ப்பாளராக ஆக்கிவிடாதீர்கள், அதற்கும் படிப்பு இருக்கிறது.

காலை வட்டம். எழுதலாம். ஆனால் அது எப்படித் தோற்கும் என்று தெரிந்து எழுதுங்கள். முதல் பிள்ளை "சந்தோஷமா இருக்கேன் டீச்சர்" என்றால் 28 பேரும் அதையே சொல்வார்கள். டீச்சருக்குப் பிடித்த பதில் எது என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். வாய்விட்டுச் சொல்லவைப்பதற்குப் பதில் வாசலில் நான்கு டப்பா வையுங்கள்: சந்தோஷம், எரிச்சல், பயம், சோர்வு. முகப் படம் ஒட்டி, மூடியில் துளை போட்டு, நுழையும்போது ஆளுக்கு ஒரு கொட்டை, 1ஆம் வகுப்புக்கு மட்டும் பாட்டில் மூடி. யார் எதில் போட்டார்கள் என்று நீங்களும் பார்க்கக் கூடாது, அடுத்த பிள்ளையும் பார்க்கக் கூடாது. எண்ணிக்கை மட்டும் போதும். சோர்வு டப்பாவில் 12 கொட்டை என்றால் ஊரில் திருவிழாவா, ராத்திரி கரண்ட் இல்லையா என்று விசாரித்து, அன்றைய முதல் பாடத்தைப் பாட்டாக மாற்றிக்கொள்ளலாம். மாதம் ஒரு சொல் சேருங்கள்: வெட்கம், ஏக்கம், பொறாமை, சலிப்பு. சொல் இருந்தால்தான் அடிப்பதற்குப் பதில் சொல்ல வரும்.

இனி, பிள்ளை சொல்லிவிட்டால். இதில் தடுமாற இடமே இல்லை, எனவே படிப்படியாக:

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன்மேல் தப்பில்லை. உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பது போதும். துருவித் துருவிக் கேட்காதீர்கள். கேள்வி கேட்கத் தெரியாதவர் கேட்டால் பிள்ளையின் சொல் மாறும், பிறகு விசாரணையில் அதுவே பாதகமாகும். திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும் கொடுமை. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, உங்கள் நாகரிகச் சொல்லுக்கு மாற்றாமல், தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். பொது வட்டத்தில் சொல்லத் தொடங்கினால் மெல்ல நிறுத்தி, தனியாக, ஆனால் பிறர் பார்வை படும் இடத்தில் கேளுங்கள். இந்தக் குறிப்பு பொது நோட்டில் இருக்கக் கூடாது.

பாலியல் தொல்லை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19: தெரிந்தவர் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது பிரிவு 21இன்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டதால் உங்கள் கடமை முடிந்துவிடாது. "ஊர்ப் பேர் கெட்டுவிடும், பேசித் தீர்ப்போம்" என்ற குரல் கட்டாயம் வரும், அதற்குக் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும். மற்றச் சங்கடங்களுக்கு (அப்பா குடி, வீட்டில் சண்டை, சாப்பாடு இல்லை) 1098 தவிர, பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.

தண்டனை பற்றி ஒரு வரி: கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 17 பிரம்பை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் கொடுப்பதையும் தடுக்கிறது. பட்டப்பெயர், முட்டி போடவைப்பது, மதிப்பெண்ணை எல்லார் முன்னும் படித்துச் சிரிப்பது எல்லாம் அதற்குள் வரும்.

பெற்றோர்: "பிள்ளை படிக்கல" என்று சொல்ல மட்டும் கூப்பிட்டால் அடுத்த முறை வர மாட்டார்கள். முதல் மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போக வேண்டும், பொதுவாக இல்லை, குறிப்பாக: "இன்று கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று முன்கூட்டியே சொன்னாள்." நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்களை 11 மணிக்குக் கூப்பிட்டுவிட்டு "அக்கறையில்லை" என்று எழுதாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. கண் பரிசோதனை, மாத்திரை விஷயங்களை அந்தக் கூட்டத்தில் சொன்னால் தெருவுக்குத் தெரு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

---

சாக்பீஸ்துகள்

வாய்மொழித் தேர்வுக்காக ஒரு சோதனை. கட்டுரையின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் "திங்கள் காலை இதை எந்த நேரத்தில், எதை வைத்துச் செய்வாய்?" என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பதில் வராத வரியை அடித்துவிடுங்கள். உதாரணத்துக்கு:

அடிக்க வேண்டியது: "ஒவ்வொரு குழந்தையின் தனித்துவத்தையும் மதித்து, அதன் உள்ளார்ந்த ஆற்றலை வெளிக்கொணர்வேன்."

வைக்க வேண்டியது: "வருகைப் பதிவேட்டு வரிசையில் நாளுக்கு இருவரைக் கவனித்து, பார்த்ததை மட்டும் எழுதுவேன். காலை உணவு சாப்பிடாத பிள்ளையிடம் அதற்கான காரணத்தைக் கேட்ட பிறகே பாடம் கேட்பேன். எழுத்தில் தவறினால் காது, கண், விரல், வீட்டு மொழி என்ற நான்கையும் பார்த்த பின்பே, அதை எழுத்துச் சிக்கல் என்று கொள்வேன்."

காலை உணவு என்றதும் அரசின் காலை உணவுத் திட்டம் வந்த ஆண்டைத் தேர்வாளர் கேட்பார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடக்கம். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவு. ஆண்டு சொல்வதோடு நிறுத்தாமல், உணவு இருந்தும் சிலர் ஏன் சாப்பிடாமல் வகுப்புக்கு வருகிறார்கள் என்று சொல்லுங்கள்: பேருந்து தாமதம், தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவது, "பள்ளியில் சாப்பிடாதே" என்று வீட்டில் சொல்வது. மூன்றுக்கும் மூன்று வேறு தீர்வு. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது.

ஓராசிரியர் சொன்னது சரி, நாளுக்கு இருவர்தான் நடக்கும். என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன்.

---

இரண்டாமாண்டு_பயிற்சி

எழுதி முடித்தேன், 1,460 சொல். கோட்பாட்டுக்கு மாண்டிசோரியை மட்டும் வைத்தேன். பல்லாங்குழிக்கும் நான்கு டப்பாவுக்கும் சேர்த்து புளியங்கொட்டை 700 வரை தேவைப்படும், அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

---

ஓராசிரியர்

கொட்டையை நல்லா கழுவி, புளி ஒட்டாமத் தேச்சு, ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு எடுத்துட்டுப் போங்க. ஈரத்தோட டப்பாவுல போட்டா பூஞ்சை பிடிக்கும், வண்டு வரும். 70 எண்ணி ஒரு பை வீதம் ஒன்பது பையாக் கட்டிடுங்க. மொத்தமா கொண்டுபோனா முதல் நாள் எண்ணுறதுக்கே மணி அடிச்சிடும்.